பதிவேட்டில் ஏறாத வியாதி

ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பற்றித் தமிழ்நாட்டார் பெருமை பேசிக்கொள்வதற்கு நியாயம் உண்டு. பிரசவ வேதனை கண்ட ஸ்திரீயை வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரத்தை நோக்கி ஓடவேண்டியிருந்த கிராமங்களில் இன்று நடு இரவிலும் நர்ஸ் இருக்கிறார். மருந்து அலமாரி முழுக் காலியாகக் கிடப்பது அபூர்வம். இவற்றை மறுப்பவர் நன்றி மறந்தவர். ஆனால் அதே நிலையத்தின் வாசல்வரை வந்து, உள்ளதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாமல், தலைவலி என்று ஒரு பொய்யைச் சொல்லி, நாலு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய வியாதி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பால்வினை நோய்கள், வெள்ளைப்படுதல், கருத்தடை, கருக்கலைப்பு, கருப்பைவாய்ப் புற்று, இளவயதினரின் சந்தேகங்கள் இவ்வளவையும் இக்காலத்தில் பாலியல் நலம் என்ற ஒரே பெயரில் அடக்குகிறார்கள். இந்தச் சேவை நமது ஆரம்ப சுகாதார நிலையங்களில் எப்படி நடக்கிறது என்று கேட்டால், இத்தனை பேருக்குப் பரிசோதனை, இத்தனை பேருக்கு மாத்திரை, இத்தனை பேருக்கு ஆபரேஷன் என்று ஒரு கணக்கு வரும். அந்தக் கணக்கைச் சற்றுக் குறுக்கு விசாரணை செய்வதே இன்றைய நோக்கம்.

குடும்பத்தார் யாவரும் படிக்கும் பத்திரிகையில் இத்தகைய விஷயத்தை எழுதலாமா என்று நேயர்களில் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். இந்த விஷயம் ஏற்கெனவே பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. விளம்பரப் பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறது. இன்ன ஊரில் இன்ன லாட்ஜில் இன்ன தேதியில் இரகசிய வியாதிகளுக்கு வைத்தியர் தங்குகிறார் என்ற அறிவிப்பைப் பார்க்காதவர் யார்? மேக வியாதிக்கும் ஆண்மைக் குறைவுக்கும் மருந்து உண்டென்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாயப் பரிகாரங்கள் சட்டம் தடுத்திருக்கிறது. சட்டம் வந்து எழுபது வருஷத்துக்கு மேலாயிற்று, லாட்ஜுகள் காலியாகவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சையை விட்டுவிட்டு, பெயர் தெரியாத வைத்தியரிடம் ஆயிரக்கணக்கில் கொடுக்க ஒருவன் ஏன் துணிகிறான்? அவன் மூடன் என்று சொல்லிவிடுவது சுலபம். அவனுக்கு வேண்டியது மருந்து மாத்திரம் அல்ல, மறைப்பும் வேண்டும் என்பதே உண்மை. அதை விற்கத் தெரிந்தவன் போலி வைத்தியன். அதைக் கொடுக்கத் தெரியாதது சர்க்கார்.

இந்த அவநம்பிக்கை நேற்று முளைத்ததல்ல. 1868-இல் அந்நிய சர்க்கார் தொற்று நோய்ச் சட்டம் என்று ஒன்றை இந்தியாவில் கொண்டுவந்தது. தாசித் தொழில் செய்யும் பெண்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். குறித்த காலந்தோறும் உடற்பரிசோதனைக்கு வரவேண்டும். வியாதி கண்டால் அதற்கென்று ஏற்பட்ட லாக் ஆஸ்பத்திரியில் அடைபட்டுக் கிடக்க வேண்டும். வெள்ளைச் சிப்பாய்களின் ஆரோக்கியம் ஒன்றே சட்டத்தின் நோக்கம். ஆகையால் அதன் பலனை மதிப்பிட்ட அதிகாரிகள் எண்ணியதும் படை ஆஸ்பத்திரியில் சேர்ந்த சிப்பாய்களின் தலைகளைத்தான். அந்தப் பெண்களுக்குச் சுகமாயிற்றா என்பது கேள்வியாகவே எழவில்லை. பெண்கள் பதிவுக்குப் பயந்து ஒளிந்தார்கள். சிப்பாய்களின் வியாதியோ அதிகாரிகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. 1888-இல் சட்டம் ரத்தாயிற்று. (இந்த வியாதிகளில் ஒன்றுக்குப் பறங்கிப்புண் என்று நம் முன்னோர் பெயரிட்டதில் ஒரு சரித்திர சாட்சியம் இருப்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டலாம். பறங்கியன் கொண்டுவந்ததை அவன் பெயராலேயே அழைத்தார்கள்.)

அதே ஆங்கிலேயர் தங்கள் தேசத்தில் செய்தது வேறு. 1916-இல் அங்கே ஏற்பட்ட விதிகளின்படி ஸ்தல ஸ்தாபனங்கள் பால்வினை நோய்களுக்கு இலவச சிகிச்சை தரவேண்டும். வருகிறவரின் விஷயம் வெளியே போகக் கூடாது. அடுத்த வருஷமே போலி வைத்தியரின் விளம்பரங்களைத் தடுத்தார்கள். அதாவது, மறைப்பைச் சர்க்காரே கொடுத்துவிட்டுப் பிறகு போலியைத் தடுத்தார்கள். நாம் 1954-இல் இரண்டாவதை மட்டும் செய்து, முதலாவதை மறந்தோம்.

சுதந்திரம் வந்த பிறகும் பழைய புத்தி முழுவதும் போகவில்லை. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி நுழைந்திருப்பதை முதன்முதலாக நிரூபித்தார்கள். அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1989-இல், கோவாவில் ரத்ததானம் செய்ய முன்வந்த டொமினிக் டிஸூஸா என்ற இளைஞரின் ரத்தத்தில் அந்தக் கிருமி காணப்பட்டது. ரத்தம் கொடுக்க வந்தவருக்குக் கிடைத்த பரிசு 64 நாள் தனிக் காவல். இடம் கொடுத்தது கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டம். பம்பாய் ஹைகோர்ட்டும் அந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. பரிசோதனைக்குப் போனால் சிறை என்று ஒரு ஊருக்குத் தெரிந்துவிட்டால், அங்கே எத்தனை ஆய்வுக்கூடம் கட்டினாலும் யார் வருவார்கள்? 2017-ஆம் வருஷத்து எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், நோயாளியின் சம்மதமின்றிப் பரிசோதனை கூடாது, அவர் நிலையைப் பிறருக்கு வெளியிடக் கூடாது என்று விதித்து, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த பின்புதான் சட்டப் புஸ்தகத்தின் முகம் சற்றே மாறிற்று.

இனி, இந்தச் சேவைக்கு ஆரம்ப சுகாதார நிலையமே ஏன் உரிய இடம் என்பதைப் பார்ப்போம். இந்த நிலையங்களின் கருத்து 1946-இல் வெளியான போர் கமிட்டி அறிக்கையில் பிறந்தது. நம்மவரான டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியாரும் அந்தக் கமிட்டியில் இருந்தார். 40,000 ஜனங்களுக்கு ஒரு நிலையம் என்று ஆரம்பித்த யோசனை, பின்னாளில் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று என்று அமைந்தது. பிரசவம், தடுப்பூசி, மலேரியா யாவும் அங்கே இடம் பெற்றன. பால்வினை நோய்கள் மட்டும் பெரிய ஆஸ்பத்திரியின் தனிக் கட்டடத்தில், தனிப் பலகையின் கீழ், நெடுங்காலம் தங்கிவிட்டன. அந்தப் பலகையின் கீழ் நுழைவதைக் கண்டவர் எவரும் வேறு விளக்கம் கேட்கமாட்டார். நம் மாநிலத்தில் பலகையின் பெயரைச் சுகவாழ்வு மையம் என்றும், எச்.ஐ.வி. பரிசோதனை இடத்தை நம்பிக்கை மையம் என்றும் மாற்றியிருக்கிறார்கள். நல்ல தமிழ்ப் பெயர்கள்தாம். ஆனால் பெயர் எவ்வளவு அழகாயிருந்தாலும் அதன் பொருள் ஊருக்குத் தெரிய ஆறு மாதம் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே காய்ச்சல்காரரும் வருவார், நாய் கடித்தவரும் வருவார். யார் எதற்கு வந்தார் என்பது வாசலில் எழுதியில்லை. ஜனக்கூட்டமே நோயாளிக்குத் திரை. ஆனால் அதே கூட்டம் டாக்டரின் மேஜைவரை வந்து நின்றுவிட்டால், திரையாயிருந்தது சாட்சியாகிவிடுகிறது.

தேவை எவ்வளவு என்பதைப் பற்றி ஊகம் செய்ய அவசியமில்லை. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி ஜில்லாவின் இரண்டு கிராமங்களில் டாக்டர் ராணி பங், டாக்டர் அபய் பங் தம்பதிகள் 650 ஸ்திரீகளைப் பரிசோதித்து, அதன் முடிவை 1989-இல் லண்டன் லான்ஸெட் பத்திரிகையில் வெளியிட்டார்கள். 100-க்கு 92 பேருக்கு ஏதோ ஒரு பெண் நோயோ பால்வினை நோயோ இருந்தது. அதற்கு முன் எப்போதாவது அதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100-க்கு 8 பேர். இவ்வளவு வியாதியும் அதுவரை எந்தச் சர்க்கார் புள்ளிவிவரத்தில் இருந்தது? எதிலும் இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அந்தப் பெண்களைத் தேடி வீடு வீடாகப் போன இலாகாவுக்கு, அவர்கள் கருப்பை மட்டும் கண்ணில் பட்டது, அதில் இருந்த நோய் படவில்லை.

நமது மாநிலத்திலும் ஒரு கிராமப் பகுதியில் 16 முதல் 22 வயதுவரையுள்ள 451 மணமான பெண்களைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி ஒன்று 2005-இல் வெளியாயிற்று. பாதிக்கு மேற்பட்டவர்கள், அதாவது 100-க்கு 53 பேர், தங்களுக்கு நோய்க்குறி உண்டென்றார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்தச் சிகிச்சையும் தேடவில்லை. ஏன் தேடவில்லை என்பதற்கு அவர்கள் சொன்ன பதில்களை ஒவ்வொரு சுகாதார அதிகாரியும் தம் மேஜைக்கு எதிரே எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம்: பக்கத்து நிலையத்தில் பெண் வைத்தியர் இல்லை, மறைவு இல்லை, தூரம், செலவு, பெண்ணாய்ப் பிறந்தால் இதெல்லாம் சகஜம் என்ற எண்ணம். இந்த ஐந்தில் எதுவும் மருந்துப் பஞ்சத்தைப் பற்றியதல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நிலையத்துக்கு வராதவர்களிடம் போய்க் கேட்டதால்தான் இந்தப் பதில்கள் கிடைத்தன. நிலையத்தின் பதிவேட்டை வருஷம் முழுவதும் புரட்டியிருந்தாலும் கிடைத்திரா.

ஆரம்ப நிலையத்திலேயே இந்த வேலையைச் செம்மையாகச் செய்தால் பலன் உண்டா என்ற கேள்விக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. டான்ஸானியா தேசத்து ம்வான்ஸா பிரதேசத்தில் 12 கிராமச் சமூகங்களை எடுத்துக்கொண்டார்கள். ஆறில், ஏற்கெனவே இருந்த சுகாதார ஊழியர்களுக்கே பால்வினை நோய் சிகிச்சையில் பயிற்சி தந்தார்கள். மருந்து தட்டாமல் வரச் செய்தார்கள். மேற்பார்வைக்கு ஆள் தவறாமல் போனார். ஜனங்களிடம் எடுத்துச் சொன்னார்கள். மற்ற ஆறு பழையபடி இருந்தன. புதுக் கட்டடம் இல்லை, பட்டணத்து நிபுணர் இல்லை. இரண்டு வருஷத்தில் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியவர்கள் பழைய முறை நடந்த ஊர்களில் 100-க்கு 1.9, புதிய முறை நடந்த ஊர்களில் 1.2. ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைவு. 1995-இல் இது வெளியானபோது உலகத்து வைத்தியர்கள் வியந்தார்கள். நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பக்கத்து உகாண்டாவின் ராகாய் ஜில்லாவில், நோய் உண்டோ இல்லையோ எல்லோருக்கும் பத்து மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். எச்.ஐ.வி. குறையவில்லை என்று 1999-இல் தெரிந்தது. இரண்டு ஊர்களிலும் தொற்று இருந்த கட்டமே வேறு என்று நிபுணர்கள் காரணம் சொல்கிறார்கள். இருக்கலாம். இன்னொரு வித்தியாசமும் நம் கண்ணில் படுகிறது. ம்வான்ஸாவில் வேதனை கண்டவர் தாமாக வந்தார், வந்த அன்றே குணமாகும் வழி கிடைத்தது. ராகாயில் மருந்து ஜனங்களைத் தேடிப் போயிற்று. முன்னது ஒரு சேவை. பின்னது ஒரு விநியோகம்.

நம் நாட்டில் ஆரம்ப நிலையத்து டாக்டருக்கு வகுத்துக்கொடுத்திருக்கும் முறையும் ம்வான்ஸா வழியைச் சேர்ந்ததே. ஆய்வுக்கூடத்தின் முடிவுக்காகக் காத்திராமல், கண்ட குறியை வைத்தே சிகிச்சை. அதற்கு ஏழு நிற மருந்துப் பொட்டலங்கள் உண்டு. ஆண்குறியில் சீழ் கண்டால் சாம்பல் நிறம், வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, புண்ணுக்கு வெள்ளை அல்லது நீலம், அக்கிப் புண்ணானால் சிவப்பு, அடிவயிற்று வலிக்கு மஞ்சள், அரையில் நெறி கட்டினால் கறுப்பு. எழுத்தறிவு குறைந்தவருக்கும் பிழையின்றிக் கொடுக்கத் தக்க நல்ல ஏற்பாடு. சீழுக்கும் புண்ணுக்கும் இது நன்றாக வேலை செய்கிறது. வெள்ளைப்படுதலில்தான் சங்கடம். வெள்ளைப்படுதல் கண்ட பெண்கள் எல்லோருக்கும் பால்வினை நோய் இருப்பதில்லை. பால்வினை நோய் உள்ள பெண்களில் பலருக்கு எந்தக் குறியும் தெரிவதில்லை. முதல் வகையாருக்கு அவசியமில்லாத மருந்து போகிறது. அது போனாலும் போகட்டும்; உன் புருஷனையும் அழைத்து வா என்று ஒரு வார்த்தையும் கூடப் போகிறதே! அந்த வார்த்தை வீட்டுக்குள் என்ன செய்யும் என்பது, குடும்ப நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் நின்று பழகிய நமக்கு நன்றாகத் தெரியும். ஒரு பச்சைப் பொட்டலத்துக்காக ஒரு பெண் அடிபடலாம். இரண்டாவது வகையாரோ நிலையத்துப் பக்கமே வருவதில்லை. ஆக, பச்சைப் பொட்டலங்கள் எத்தனை செலவாயின என்ற கணக்கைக் கொண்டு பால்வினை நோய் எவ்வளவு தீர்ந்தது என்று கண்டுபிடிக்கப் பார்ப்பது, கோர்ட்டுக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்து நீதி எவ்வளவு வழங்கப்பட்டது என்று சொல்வதற்குச் சமானம்.

வெறும் எண்ணிக்கையின் கேட்டை நம் தேசம் ஒருமுறை நன்றாக அனுபவித்திருக்கிறது. அவசர நிலையின்போது 1976–77-இல் ஒரே வருஷத்தில் 80 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கே. இலக்கைக் கணக்கிட்டவர்கள் வெற்றி என்றார்கள். ஜனங்கள் அடுத்த தேர்தலில் தங்கள் மதிப்பீட்டைச் சொன்னார்கள். 1996-இல் மத்திய சர்க்கார் இலக்கு முறையைக் கைவிட்டது என்றார்கள். ஆனால் 2014-இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்து, பத்துக்கு மேற்பட்ட பெண்கள் மாண்ட பிறகு, இத்தகைய முகாம்களை மூன்று வருஷத்தில் நிறுத்த வேண்டும் என்று 2016-இல் ஸுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட நேர்ந்தது. அந்த முகாமின் தாளில் மாத்திரம் 83 என்ற எண் பூர்த்தியாக இருந்தது.

அவசர நிலைக்குப் பின் ஆண்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஸர்வேயின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு ஏறக்குறைய 58 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். புருஷன் ஆபரேஷன் செய்துகொண்ட குடும்பங்களோ ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கு. ஆண்களுக்கான ஆபரேஷன்தான் சுலபமானது, அபாயம் குறைந்தது என்று வைத்திய நூல்கள் யாவும் கூறுகின்றன. வீரம் பேசுவதில் நம்மவர் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல என்பதை இவ்விடத்தில் சொல்லிவைக்கிறோம். ஆனால் குற்றத்தை ஆண்களின் தலையில் மட்டும் போடுவதும் தகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவர்களைப் பாருங்கள். கர்ப்பிணியின் படம், குழந்தையின் படம். வெளிநோயாளர் நேரமோ, கூலிக்காரன் வேலையில் இருக்கும் பகல் நேரம். ஆண் மகனுக்கு அங்கே இடம் உண்டென்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. அவன் மருந்துக் கடைக்காரரிடம் போகிறான், இல்லாவிட்டால் லாட்ஜுக்குப் போகிறான்.

மதிப்பீடு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு நாம் வெளிநாட்டை மட்டுமே பார்க்க வேண்டியதில்லை. திண்டுக்கல் ஜில்லாவில் அம்பிளிக்கையைச் சுற்றிய கிராமங்களில் 2000-ஆம் வருஷத்தில் ஆரம்பித்து, 30 முதல் 59 வயதுள்ள பெண்களை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. பயிற்சி பெற்ற நர்ஸுகள் கருப்பைவாயில் நீர்த்த அஸெடிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணாலேயே பார்த்து, புற்றுக்கு முந்திய மாறுதலைக் கண்டுபிடிக்கிறார்கள். நம் சமையற்கட்டுக் காடியில் உள்ள அமிலம்தான் அது. மாறுதல் கண்ட இடத்தைக் கூடுமானால் அப்போதே உறைய வைத்துத் தீர்த்துவிடுகிறார்கள். சோதனை நடந்த பக்கத்தில் ஏறக்குறைய 49,000 பெண்கள்; நடக்காத பக்கத்தில் ஏறக்குறைய 31,000. சில வருஷங்கள் காத்திருந்து, இரு பக்கத்திலும் புற்று கண்டவர்களையும் மாண்டவர்களையும் எண்ணினார்கள். சோதனை நடந்த பக்கத்தில் புற்று நாலில் ஒரு பங்கும், மரணம் 100-க்கு 35-ம் குறைந்திருந்ததாக 2007-இல் லான்ஸெட்டில் வெளியாயிற்று. எத்தனை பேரைச் சோதித்தோம் என்பதோடு நிற்காமல், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்டார்களே, அதுதான் மதிப்பீடு. தமிழ்நாட்டு மண்ணில் பிறந்த இந்த ஞானத்தை உலகம் எடுத்துக்கொண்டது. நாமோ? மேற்சொன்ன ஸர்வேயில் 30 முதல் 49 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் 100-க்கு 9.8 பேர். இந்தியா முழுவதற்கும் 1.9 என்பதால் இதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆள் இருக்கிறது. பத்தில் ஒன்பது பெண்கள் பாக்கி என்பதே நமக்குத் தெரியும் கணக்கு.

இளவயதினர் விஷயம் எல்லாவற்றிலும் கடினமானது. 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்காக 2014-இல் மத்திய சர்க்கார் தனித் திட்டம் வகுத்து, அவர்கள் தயக்கமின்றி வரத்தக்க ஆலோசனை நிலையங்களை ஏற்படுத்தச் சொல்லிற்று. ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன், 2012-இல், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டம் வந்திருந்தது. சட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. அதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இராது. அதன் 19-ஆவது பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவர் சம்பந்தப்பட்ட எந்தக் குற்றமும் தெரிந்தவுடன் போலீஸுக்கு அறிவிப்பது எவருக்கும் கடமை. தவறினால் ஆறு மாதம்வரை சிறை. சம்மதம் என்பது 18-க்குக் கீழ் சட்டத்தின் கண்ணில் கிடையாது. ஆகவே, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி மாதவிலக்குத் தள்ளிப்போயிற்று என்று ஆலோசகரிடம் வந்தால், அவள் கேட்ட ஆலோசனைக்கு முன்னால் போலீஸ் வந்து நிற்கிறது. ஒரு கையால் வா என்று அழைக்கிறோம். மறு கையால் புகார்ப் புஸ்தகத்தைத் திறக்கிறோம். அவள் வரமாட்டாள். இரகசியமாக மாத்திரை விற்பவனிடம் போவாள்; உதிரப்பெருக்கோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவாள், அல்லது வரவே மாட்டாள்.

இந்த முடிச்சை ஸுப்ரீம் கோர்ட்டு 2022 செப்டம்பர் 29-ஆம் தேதித் தீர்ப்பில் ஓரளவு தளர்த்தியிருக்கிறது. கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீஸுக்குக் கொடுக்கும் தகவலில் அவளுடைய பெயரையோ மற்ற அடையாளங்களையோ தெரிவிக்க வேண்டியதில்லை என்று கோர்ட்டு இரு சட்டங்களையும் இசைவாக வைத்துப் பொருள் கூறிற்று. மணமான பெண்ணுக்கும் மணமாகாத பெண்ணுக்கும் கருக்கலைப்புச் சட்டத்தில் பேதம் கூடாது என்று அதே தீர்ப்பு சொன்னது. சட்டம் படித்தவர்களுக்கு இது தெரியும். ஒரு கிராமத்து நிலையத்தின் டாக்டருக்குத் தெரியுமா? தெரிந்திருந்தாலும், நாளைக்குப் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்து பெயர் எங்கே என்று கேட்டால் தீர்ப்பின் நகலை எடுத்து நீட்டும் தைரியம் அந்த இளம் டாக்டருக்கு வருமா? மாவட்ட அதிகாரிகள் எழுத்தில் உறுதி கொடுத்தால் ஒழிய வராது. ஒவ்வொரு நிலையத்திலும் தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத் தாளாக இது இருக்க வேண்டும். அது இருக்கிறதா இல்லையா என்பதும் மதிப்பீட்டில் ஒரு கேள்வியாக வேண்டும்.

1966-இல் டோனபீடியன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வைத்தியத்தின் தரத்தை அளப்பதற்கு மூன்று படிகளைச் சொன்னார்: என்ன வசதி இருக்கிறது, அதைக்கொண்டு என்ன நடக்கிறது, நடந்ததால் நோயாளிக்கு என்ன ஆயிற்று. நமது சுகாதார இலாகாவின் ஆய்வுகள் முதல் படியில் நன்றாகத் தேறிவிடுகின்றன. அறை உண்டா, திரை உண்டா, மருந்து உண்டா என்று தாளில் குறி போட்டுக்கொண்டு போய்விடலாம். திரை உண்டு என்பது வாஸ்தவம்; அது இழுத்து விடப்படுகிறதா என்பது அடுத்த கேள்வி. ஊசி உண்டு, கர்ப்பிணிக்குச் சிபிலிஸ் கண்டால் அன்றே பெனிஸிலின் போடப்படுகிறதா, அல்லது ஒவ்வாமைக்குப் பயந்து சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்களா? அனுப்பப்பட்ட பெண் அங்கே போய்ச் சேர்ந்தாளா? பிரசவத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பாவது அந்த ஊசி போட்டாக வேண்டும். போட்டால் குழந்தை தப்பும். பிரசவம் ஆனவுடன் கருத்தடை வளையம் வைத்தார்கள் என்றால், சம்மதம் கர்ப்ப காலத்தில் நிதானமாகக் கேட்கப்பட்டதா, அல்லது வேதனையின் நடுவே கேட்கப்பட்டதா? வைத்த வளையத்தை எடுத்துவிடுங்கள் என்று பின்னால் ஒருத்தி வந்து கேட்டால், அதே மரியாதையோடு எடுக்கிறார்களா? சம்மதம் உண்மையா என்பதற்கு எடுத்துவிடும் தினமே நல்ல சோதனை என்பது நமது அபிப்பிராயம்.

இவற்றையெல்லாம் அறிய ஆய்வதிகாரி ஜீப்பில் வந்து இறங்குவதில் பயனில்லை. அவர் வரும் தேதி முன்கூட்டியே தெரியும். அன்று திரை துவைத்துத் தொங்கும். மற்ற தேசங்களில் பயிற்சி பெற்ற ஒருவரைச் சாதாரண நோயாளியைப் போல அனுப்பி, அவருக்கு நடந்ததைக் கேட்டறிகிறார்கள். ஒரு மணமாகாத பெண், ஒரு பதினெட்டு வயதுப் பையன், ஒரு திருநங்கை, ஊர் விட்டு வந்து கட்டட வேலை செய்யும் ஒரு வடநாட்டுக் கூலிக்காரர், இந்த நாலு பேரும் ஒரே நிலையத்துக்கு நாலு நாள் போய் வந்து சொல்வதில், நாற்பது பக்க அறிக்கையில் இல்லாத செய்தி இருக்கும். குறை கண்ட ஊழியரைத் தண்டிக்க இதை உபயோகிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். ஒரு காலைப் பொழுதில் நூறு பேரைப் பார்க்கும் டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவரிடம் பத்து நிமிஷம் பேசினால், வெளியே மற்றவர்கள் கதவைத் தட்டுவார்கள். பெண்கள் பெண் வைத்தியரைக் கேட்கிறார்கள். எல்லா நிலையத்திலும் அவரை நியமிக்க முடியாவிட்டால், நர்ஸுக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் பயிற்சியும் தனி அறையும் கொடுக்கலாம். அம்பிளிக்கையில் சாதித்தவர்கள் நர்ஸுகள்தாமே?

தமிழ்நாட்டுச் சுகாதார இலாகாவுக்கு நாம் சொல்லும் யோசனை செலவு அதிகம் பிடிப்பதல்ல. இரண்டு மூன்று மாவட்டங்களில், வாரத்தில் இரண்டு நாள் மாலை ஆறு மணிக்கு மேல், தனிப் பலகை எதுவும் மாட்டாமல், ஆரம்ப சுகாதார நிலையங்களைத் திறந்து வைக்கட்டும். ஒரு வருஷம் கழித்து, வந்தவர்களில் எத்தனை பேர் ஆண்கள், எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள், எத்தனை பேருடைய துணைவரும் சிகிச்சை பெற்றார், அந்த ஊர்களில் நிலையத்துக்கு வராதவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்ற நாலு விவரத்தையும் பெயர் எதுவும் இல்லாமல் வெளியிடட்டும். லாட்ஜ் வைத்தியர்கள் விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணம் இலாகாவிடம் இராது என்பது நமக்குத் தெரியும். அந்த விவரத்தை இதே பக்கத்தில் கட்டணமின்றி அச்சிட நாம் தயாராயிருக்கிறோம்.